இரும்புக்கு வைரம் ஆகாது

2005இல் பிறையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மழுங்கிப் போன வெட்டுக் கருவிகளைத் தீட்டித் தரும் பட்டறை. பாயான் லெப்பாஸ், கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ட்ரில்லும் எண்ட் மில்லும் பெட்டி பெட்டியாக வரும். கூர் தீட்டி, மைக்ரோஸ்கோப்பில் முனையைச் சரிபார்த்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் குழாயில் போட்டுத் திருப்பி அனுப்புவோம். சேர்ந்த மூன்றாவது வாரத்தில் ஒரு டைமண்ட் வீலை, அதாவது வைரத்தூள் பதித்த தீட்டுச் சக்கரத்தை, பாழாக்கினேன்.

அன்று அவசரமாக ஒரு ஹை ஸ்பீட் ஸ்டீல் ட்ரில் வந்திருந்தது. ஸ்டீல் தீட்டுகிற மெஷினில் வேறொருவர் வேலையாக இருந்தார். பக்கத்து மெஷினில் டைமண்ட் வீல் மாட்டியிருந்தது. கார்பைடு என்கிற மிகக் கடினமான கருவிப் பொருளையே சீவித் தள்ளுகிற வீல், அதைவிட மிருதுவான ஸ்டீல் எம்மாத்திரம் என்று நினைத்து வைத்துவிட்டேன். முதல் நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சத்தம் மாறியது. ட்ரில் முனை நீலம் பாய்ந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வீலைத் தொட்டுப் பார்த்தால், உப்புத்தாள் போல சொரசொரக்க வேண்டிய விளிம்பு வழவழவென்று இருந்தது. அந்த வீலின் விலை அப்போது என் இரண்டு வாரச் சம்பளம்.

பட்டறையில் மூத்தவரை எல்லோரும் பெரியண்ணன் என்றே கூப்பிடுவோம். சீன முதலாளிகூட அப்படித்தான். அவர் திட்டவில்லை. வீலைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புக்கு வைரம் ஆகாதும்மா. இரும்பு வைரத்தைத் தின்னுடும். ஞாபகம் வச்சுக்க" என்றார். கார்பைடுக்கு டைமண்ட் வீல், ஸ்டீலுக்கு சி.பி.என். வீல். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வரிசை என் கையில் மாறியதில்லை.

அவர் சொன்னது வெறும் பட்டறை வழக்கு இல்லை, வேதியியலும் அதுதான் என்பது சில வருடம் கழித்துப் புரிந்தது. வைரம் முழுக்கக் கார்பன். எஃகு என்பதே கார்பன் கரைந்த இரும்பு. எஃகில் இருக்கும் கார்பன் கொஞ்சம்தான். சூடேறிய இரும்பு இன்னும் நிறைய வாங்கிக்கொள்ளும். தீட்டும்போது உரசல் முனையில் எழும் சூட்டில், வைரத்தின் மேற்பரப்பிலிருந்து கார்பன் அணுக்கள் பிரிந்து இரும்புக்குள் போய்விடுகின்றன. வைரம் உடைவதில்லை, கரைகிறது. என் வீல் வழவழப்பானது அதனால்தான். சி.பி.என். என்பது போரானும் நைட்ரஜனும் சேர்ந்தது. அதில் கார்பனே இல்லாததால் இரும்பு அதைச் சீண்டுவதில்லை. 1957இல் ராபர்ட் வென்டார்ஃப் அதை முதன்முதலில் உருவாக்கினார். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் செயற்கை வைரம் செய்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்குழுவில் அவரும் ஒருவர்.

இப்படி இரும்பை வைரத்துக்குப் பகை என்றே பதினான்கு வருடம் நினைத்திருந்தேன். 2019இல் வீல் விற்க வரும் தம்பி ஒருவர் இரண்டு சின்னப் புட்டிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்றில் சாம்பல் நிறத் தூள். இன்னொன்றில் மஞ்சள் மணிகள், கிரானைட் அறுக்கும் ரம்பத்துக்கானவை, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் மணியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். அசந்துவிட்டேன். யாரோ உட்கார்ந்து பட்டை தீட்டியது போல ஒவ்வொன்றுக்கும் சதுர முகங்களும் முக்கோண முகங்களும் இருந்தன. தேன் நிறம். சிலவற்றின் உள்ளே மட்டும் கறுப்பாக, சின்னக் குச்சி மாதிரி ஏதோ தெரிந்தது.

அடுத்த முறை அந்தத் தம்பி வந்தபோது கேட்டேன். "அது இரும்பும் நிக்கலும்க்கா. இதை உருகின இரும்புக்குள்ளதான் வளர்க்கிறாங்க. வளரும்போது கொஞ்சம் உள்ள மாட்டிக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தின்னுகிற கையே எப்படி ஊட்டும்?

அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்தேன். புரிந்ததை எழுதுகிறேன்.

நாம் வாழும் அழுத்தத்தில் கார்பனுக்குப் பிடித்த உருவம் கிராஃபைட், பென்சில் கரி. வைரமும் நியாயப்படி கிராஃபைட்டாக மாற வேண்டியதுதான். ஆனால் அதன் பிணைப்புகள் அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் மாற முடியாமல் அப்படியே நிற்கிறது. அழுத்தத்தை ஏற்றினால் கார்பனின் விருப்பம் மாறுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் கிராஃபைட் 2.2 கிராம் எடை, வைரமோ 3.5 கிராம். நெருக்கினால் இடம் குறைவாகப் பிடிக்கும் உருவமே வசதி. சரி, அப்படியென்றால் கிராஃபைட்டைப் போட்டு நெருக்கினால் போதாதா? போதாது. கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு கைகோத்துத் தகடு தகடாக அடுக்கியிருக்கிறது. வைரத்தில் நான்கு அணுக்களோடு, எல்லாத் திசையிலும். ஒன்றை இன்னொன்றாக்க, இருக்கிற வீட்டை இடித்துக் கட்ட வேண்டும். உலோகத் துணை எதுவும் இல்லாமல் நேரடியாக மாற்ற 12 ஜிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தமும் 2,000 டிகிரியை நன்றாகத் தாண்டிய வெப்பமும் தேவைப்படும்.

உருகிய இரும்போ நிக்கலோ கோபால்ட்டோ நடுவில் இருந்தால் 5 முதல் 6 ஜிகாபாஸ்கலும் 1,300 முதல் 1,600 டிகிரியும் போதும். இதுவும் சின்ன அழுத்தம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 5.5 ஜிகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 560 கிலோ. இரண்டு சதுர மில்லிமீட்டரில் ஒரு மைவி காரை நிறுத்தி வைப்பது போல. ஆனாலும் டங்ஸ்டன் கார்பைடு அச்சுகள் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய அழுத்தம் இது. தொழிற்சாலை நடத்தலாம்.

உலோகம் உள்ளே என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது கற்கண்டு. நிபோங் திபாலில் எங்கள் பாட்டி சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, நூல் தொங்கவிட்டு, துணி மூடி வைப்பார். (சர்க்கரைக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய சொந்தம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் தமிழர்கள் பலர் இங்கே கப்பலேறி வந்தார்கள்.) பாகு ஆற ஆற, தன்னால் பிடித்து வைக்க முடியாத சர்க்கரையை நூலில் இறக்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் முகம் முகமாகப் படிகம் கட்டும்.

உருகிய உலோகம்தான் இங்கே பாகு. கிராஃபைட்டை அது அணு அணுவாகக் கரைத்துக்கொள்கிறது. இடிக்கிற வேலை இப்படி அலுங்காமல் முடிந்துவிடுகிறது. ஆனால் பாட்டியின் பாகைப் போல ஆற வைக்கக்கூடத் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த அழுத்தத்தில் வைரம் உறுதியான உருவம், கிராஃபைட் உறுதியற்றது. உறுதியற்றது எப்போதும் கூடுதலாகக் கரையும். ஆகவே கிராஃபைட்டைக் கரைத்து வயிறு நிறைந்த உலோகம், வைரத்தின் கணக்கில் அளவுக்கு மீறி உண்ட உலோகம். மிச்சத்தை அது வைரமாகக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும். கிராஃபைட்டுக்கும் வளரும் வைரத்துக்கும் நடுவில் உருகிய உலோகம் மெல்லிய படலமாக நிற்கிறது. ஒரு பக்கம் உண்கிறது, மறு பக்கம் வைக்கிறது. கிராஃபைட் தீரத் தீரப் படலம் முன்னே நகர்கிறது.

என் வீலைத் தின்றது எந்தப் பசியோ அதே பசிதான் இது. எங்கள் பட்டறையில் அழுத்தம் இல்லை. அதனால் வைரம் உறுதியற்ற பக்கத்தில் நிற்கிறது, இரும்பு அதைக் கரைக்கிறது. அச்சுக்குள் அழுத்தம் இருக்கிறது. அங்கே கிராஃபைட் உறுதியற்ற பக்கத்தில் நிற்கிறது. இரும்பு மாறவே இல்லை.

இந்த உலோகத்தை வினையூக்கி என்று சொல்வதா, கரைப்பான் என்று சொல்வதா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக வாதம் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே பெயராகவே பலர் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் கரைப்பான் என்பதுதான் முதலில் வர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. செம்பு கார்பனைக் கரைப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதைத் தனியாக வைத்தால் பலன் கிடைக்காது. டைட்டானியம் நேர்மாறு. கார்பனைக் கண்டால் கார்பைடாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் கார்பனை வாங்கவும் செய்கின்றன, விடவும் செய்கின்றன. 1959இல் ஜெனரல் எலக்ட்ரிக் குழு வெளியிட்ட பட்டியலில் பன்னிரண்டு உலோகங்கள் இருந்தன. இந்த மூன்றோடு குரோமியம், மாங்கனீசு, டாண்டலம், பிளாட்டினம், பிளாட்டினத்தின் உறவுக்கார உலோகங்கள் ஐந்து. 1955 பிப்ரவரியில் வைரம் செய்துவிட்டோம் என்று உலகுக்கு அறிவித்தவர்கள், எந்த உலோகத்தால் என்பதை அமெரிக்க அரசின் இரகசிய உத்தரவால் நான்கு வருடம் வாய் திறக்க முடியாமல் வைத்திருந்தார்கள். மந்திரம் முழுக்க அந்த உலோகத்தில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவர்களுக்கு முன்பே பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்ரி முவாசான் 1893இல் உருகிய இரும்பில் கார்பனைக் கரைத்து, சட்டென்று குளிர வைத்து, வைரம் கிடைத்தது என்றார். உலோகத்தைச் சரியாகத்தான் எடுத்தார், ஆனால் அழுத்தம் போதவில்லை. பிறகு யாராலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. ஸ்வீடனின் ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) என்ற நிறுவனம் 1953 பிப்ரவரி 16இல் இரும்புக் கார்பைடையும் கிராஃபைட்டையும் வைத்து நிஜமாகவே செய்தது. செய்துவிட்டு வெளியே சொல்லவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் குழுவின் ட்ரேசி ஹால் 1954 டிசம்பர் 16இல், தண்ணீர் ஒழுகும் பழைய 400 டன் அழுத்தியில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமத்தை வைத்துச் செய்தார். பலனாக அவருக்குக் கிடைத்தது 10 டாலர் சேமிப்புப் பத்திரம் என்று பதிவாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. பழைய மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அது தெரியும்.

உலோகத்தை மாற்றினால் வைரமும் மாறுகிறது. தனி இரும்பு 1,538 டிகிரியில் உருகும், தனி நிக்கல் 1,455இல். இரண்டையும் கலந்து, கார்பனும் சேர்ந்துவிட்டால், அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், வெப்பம் கூடக் கூட வைரத்தை வைரமாக வைத்திருக்கத் தேவையான அழுத்தமும் கூடுகிறது. உலோகம் உருக வேண்டும், அதே நேரம் கிராஃபைட் பக்கம் வழுக்கி விழவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய சந்து. உருகுநிலை குறைந்த கலவை அந்தச் சந்தை அகலமாக்கித் தருகிறது. சந்துக்குள்ளேயே எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து உருவம் மாறும். வெப்பம் குறைந்த பக்கம் சதுர முகங்கள், வெப்பம் கூடிய பக்கம் முக்கோண முகங்கள். நான் பார்த்த மஞ்சள் மணிகளில் இரண்டும் இருந்தன, நடுவில் வளர்ந்தவை.

மஞ்சள் எப்படி வந்தது என்றால், காற்றிலிருந்து. அச்சுக்குள் அடைபட்ட காற்றின் நைட்ரஜனையும் அதே உருகிய உலோகம் கரைத்துக் கொண்டுபோய் வைரத்துக்குள் வைத்துவிடுகிறது. நிறமில்லாத நகை வைரம் வேண்டுமென்றால் உலோகத்தோடு டைட்டானியமோ அலுமினியமோ கொஞ்சம் சேர்ப்பார்கள். அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே குறை சொன்ன டைட்டானியத்தின் பிடிவாதம் இங்கே உதவுகிறது. போரான் சேர்ந்தால் நீலம்.

நகைக்கான பெரிய கல்லைத் தூள் போல நிமிடக் கணக்கில் வளர்க்க முடியாது. வெப்பமான பக்கம் கார்பனையும், சில பத்து டிகிரி குளிர்ந்த பக்கம் விதை வைரத்தையும் வைத்து, நடுவில் உலோகத்தை நிரப்பிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பாட்டியின் நூல் இங்கேதான் வருகிறது. 1970இல் இந்த முறையில் சுமார் ஒரு காரட் கல் வளர்க்க ஒரு வாரம் போல எடுத்தது. மணிக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மேல். அவசரப்பட்டால் வளரும் முகம் உலோகத்தைத் தள்ளிவிட நேரமில்லாமல் விழுங்கிவிடும்.

விழுங்கிய உலோகத்தை நானே பார்க்க ஆசைப்பட்டேன். பினாங்கில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பஞ்சமா? ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த நியோடிமியம் காந்தத்தை எடுத்தேன். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறத் தூளைக் கொட்டி, கீழே காந்தத்தை நகர்த்தினேன். அத்தனையும் குதித்து நின்றது! உடனே அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, அது ரெசின் வீலுக்குப் போறது. பிடிப்புக்காக வெளியில நிக்கல் பூசியிருக்கு. மஞ்சளை வச்சுப் பாருங்க" என்றார். மஞ்சளைக் கொட்டினேன். பெரும்பாலானவை அசையவில்லை. சில மட்டும் மெதுவாகத் திரும்பின. ஐந்தாறு மணிகள் காந்தத்தின் பின்னால் ஊர்ந்தே வந்தன. அவற்றைத் தனியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், ஒவ்வொன்றிலும் கறுப்புக் கீற்று.

தொழிற்சாலைகளிலும் காந்தத்தால் தரம் பிரிக்கிறார்கள். உலோகம் மாட்டிய மணி சூட்டில் தோற்றுவிடும். உலோகம் வைரத்தைவிடப் பல மடங்கு விரிவதால் உள்ளிருந்து பிளக்கும். அதோடு, இப்போது வெளியே அழுத்தம் இல்லை அல்லவா? உள்ளே இருக்கிற இரும்பு, தான் கட்டிய வைரத்தையே கிராஃபைட்டாகத் திருப்பத் தொடங்கும்.

இது எனக்கு நேரடி அனுபவம். எங்கள் பட்டறையில் பி.சி.டி. முனைகளைப் பற்றவைக்கும் வேலை இப்போது என்னுடையது. வைரத்தூளை அதே உயர் அழுத்தத்தில் கோபால்ட்டோடு சேர்த்து ஒட்டவைத்த தகடு அது. அலுமினியம் கடைசலுக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. கோபால்ட் ஓடிப் பரவித்தான் மணியோடு மணி சேர்ந்தது. சேர்த்த கோபால்ட் உள்ளேயே தங்கியிருக்கிறது. அதனால் வெள்ளிப் பற்றாசு உருகியதும் சூட்டை எடுத்துவிட வேண்டும். 700 டிகிரியைத் தாண்டவிட்டால் கோபால்ட் திரும்பி வேலை செய்யத் தொடங்கும், தகட்டில் மயிரிழை விரிசல் வரும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சூட்டின் அளவை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை, அதன் காரணத்தையும் சொல்கிறேன். காரணம் தெரிந்தவர்களின் கை சுவிட்சிலேயே இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணனைப் பார்க்க பாகான் டாலாமுக்குப் போனேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. முட்டி வலி, ஆனால் கண் இன்னும் கூர்மை. மஞ்சள் புட்டி, காந்தம், கைலென்ஸ் மூன்றையும் கொண்டு போயிருந்தேன். கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் உனக்குச் சொன்னது தப்பா?"

"இல்லண்ணே. நம்ம பட்டறையில அது சரிதான். அழுத்தம் போட்டா மட்டும்தான் மாறுது."

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொன்னேன். கல்லினன் மாதிரிப் பெரிய, தெளிவான இயற்கை வைரங்களுக்குள் இரும்பு, நிக்கல், கார்பன், கந்தகம் சேர்ந்த துணுக்குகள் சிக்கியிருந்தன. பூமிக்குள் 360 கிலோமீட்டருக்கும் கீழே, உருகிய உலோகத்துக்குள் அவை வளர்ந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு முடிவு செய்தது. ஸ்டாக்ஹோமிலும் ஸ்கெனெக்டடியிலும் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததைப் பூமி தனக்குள்ளேயே என்றைக்கோ செய்து வைத்திருக்கிறது. பெரியண்ணன் இதற்கு மட்டும் "அடேயப்பா" என்றார்.

அப்புறம் அன்றைய நாளிதழின் வெள்ளை ஓரத்தில் மணிகளைக் கொட்டச் சொன்னார். காந்தத்தைத் தாளுக்குக் கீழே பிடித்து, வீல் அலைன்மென்ட் பார்த்த அதே நிதானத்தோடு நகர்த்தினார். ஊர்ந்து வந்த முதல் மணியைப் பார்த்ததும் பேத்தியைக் கூப்பிட்டார். அவள் குனிந்து பார்த்து, "தாத்தா, இது மட்டும் ஏன் வருது?" என்று கேட்டாள். அவர் லென்ஸை அவளிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், நீயே சொல் என்பது போல. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கற்கண்டிலிருந்து ஆரம்பித்தேன்.